கடைசி எழுத்தை இழுக்கும் தெரு

எங்கள் தெருவில் யாரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் பிரயோஜனமில்லை. தெருக் கோடியில் மர மில் இருக்கிறது. காலையில் சங்கு ஊதியதும் பெரிய ரம்பம் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. கட்டை உள்ளே போகும்போது ஒரு சத்தம், பாதி அறுபடும்போது ஒரு சத்தம், கணு குறுக்கே வந்துவிட்டால் பல்லைக் கூசவைக்கும் வேறொரு சத்தம். இதற்கு நடுவில்தான் கட்டை உருட்டுகிறவர் ரம்பத்தில் நிற்கிறவரைக் கூப்பிட வேண்டும், ரம்பத்தில் நிற்கிறவர் பலகை அடுக்குகிறவரைக் கூப்பிட வேண்டும். பெயரின் முதல் பாதியை ரம்பம் தின்றுவிடும். அது தெரிந்தே யாரும் முதல் பாதிக்கு மெனக்கெடுவதில்லை. ஒப்புக்கு எதையோ முனகிவிட்டு, கடைசி எழுத்தைப் பிடித்து மேலே தூக்கி, மூச்சு இருக்கிற வரை இழுப்பார்கள். இழுக்க வராத எழுத்தில் பெயர் முடிந்தால் பின்னால் ஒரு ‘ஊ’வோ ‘ஏ’யோ ஒட்டிக்கொள்வார்கள்.

மில்லில் வந்த பழக்கம் மில்லோடு நிற்குமா? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனைவியையும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்கின்றன. மில் வாசலையே மிதிக்காத மளிகைக் கடைக்காரரும் அப்படித்தான் இழுக்கிறார். இந்தத் தெருவில் பிறந்து எங்கேயோ கட்டிக்கொண்டு போன பெண்களைக்கூட, அவர்கள் பிள்ளையைக் கூப்பிடும் விதத்தை வைத்தே ‘நீ மில் தெருவா?’ என்று கேட்டுவிடுகிறார்களாம்.

நான் இங்கே தையல் கடை போட்ட முதல் வாரமே என் பெயருக்குத் தலை போயிற்று. வாலை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பிழைத்தேன். பிறகு அதுவும் போய் ‘தையலக்கா’ ஆனேன். எனக்கு வருத்தமில்லை. வீட்டில் வைத்த பெயர் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

எதிர்வீட்டு மருமகள் என்னைப்போல இல்லை. அவள் மலைப் பக்கத்துப் பெண். அதனால் தெருவுக்கே மலைக்காரி. அவள் புருஷன் பெரிய ரம்பத்தில் நிற்பவன், ரம்பக்காரன் என்றால்தான் தெரியும். மாமியார் பலகையம்மா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மில்லில் பலகை அடுக்கியே, உள்ளங்கை இரண்டும் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்ட மனுஷி. காதும் பாதிதான். அதைச் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

மலைக்காரி மத்தியானத்தில் என் கடைக்கு வந்து பட்டன் வைத்துக் கொடுப்பாள். பள்ளிக்கூடச் சட்டைகள் வந்து குவியும் மாதங்களில் அவள் இல்லாவிட்டால் நான் நடுத்தெருவில் நின்றிருப்பேன். குழந்தை மேஜைக்கு அடியில் வெட்டுத் துணிகளோடு விளையாடிக்கொண்டிருக்கும்.

“ஏன்க்கா, இந்தத் தெருல எல்லாரும் பேரைப் போட்டு இந்த இழுப்பு இழுக்கறாங்க? அது பேரா, இல்ல ரப்பரா?” என்று ஒருநாள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள்.

“உங்க ஊர்ல எப்படிக் கூப்பிடுவீங்களாம்?”

“எங்க ஊர்ல இழுத்தா மலை சும்மா இருக்காதுக்கா. நாம ஒரு தடவ கூப்பிட்டா அது ரெண்டு தடவ கூப்பிடும். எந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வருதுன்னே தெரியாது. ஆடு ஓட்டிட்டுப் போன ஆளு ஒருத்தர் அப்படித்தான் வீட்டுக்கு வர்றதா நெனச்சு எதிர்ப் பக்கமா நடந்து போயிட்டாரு. அதனால முத எழுத்துல ஓங்கி ஒரு குத்து. மிச்சத்த வாய்க்குள்ளயே முழுங்கிடுவோம். திருப்பிச் சொல்ல மலைக்கு ஒண்ணும் கெடைக்காது.”

“அதான் உனக்கும் உன் மாமியாருக்கும் பொருந்தல. நீ தலைய வச்சிருக்க, அந்தம்மா வால வச்சிருக்காங்க.”

அவள் சிரித்தாள். ஆனால் அது சிரித்துவிட்டு விடுகிற விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

குழந்தைக்கு வைத்திருப்பது மலைக்காரியின் அக்காள் பெயர். தாய் இல்லாத வீட்டில் தங்கையைக் குளிப்பாட்டி, தலை வாரி, தூங்கவைத்து வளர்த்தவள் அந்த அக்காள். தங்கை கல்யாணத்தைப் பார்க்காமலே காய்ச்சலில் போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்ததும் மலைக்காரி அந்தப் பெயரைத்தான் கேட்டாள். புருஷனும் மாமியாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நல்ல மனிதர்கள்தான். பெயர் சின்னப் பெயர், மூன்றே எழுத்து. அதை இங்கே எழுதிக் காட்டுவதில் பயன் இல்லை. எழுத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பெயர்தான், வாயில்தான் இரண்டு. அம்மா கூப்பிட்டால் கதவைத் தட்டுவதுபோல் ஒரே தட்டு. பாட்டியும் அப்பாவும் கூப்பிட்டால் அது வீட்டைவிட்டுக் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டு வரும்.

குழந்தை அப்பா கூப்பிட்டால் திரும்பும். பாட்டி கூப்பிட்டால் ஓடும். அம்மா கூப்பிட்டால் திரும்பாது.

முதலில் எல்லாரும் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். “பாரு, பத்து மாசம் சுமந்தவள ஒரு பொருட்டாவே மதிக்கல. இது மில் தெரு ரத்தம்!” என்று பலகையம்மா பெருமையடிப்பார். குழந்தைக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு சரியாக வரவில்லை. அதையும் யாரும் பெரிதுபண்ணவில்லை. “எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டோம்” என்றான் ரம்பக்காரன். அதுவும் உண்மைதான். அவன் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

மலைக்காரிக்கு மட்டும் அது உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

“அத்தை, நீங்க அவ பேர ஒழுங்கா சொல்லிப் பழகுங்க. நீங்க இழுக்க இழுக்க அவளுக்கு அதுதான் பேருன்னு ஆகிப்போச்சு” என்று மாமியாரிடம் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டாள். அப்போது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், தலையணை உறைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன்.

“என்னது?” என்றார் பலகையம்மா.

மருமகள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

“நான் ஒழுங்காத்தான சொல்றேன்? பேருன்னா கூப்பிடறதுக்குத்தான. கூப்பிட்டா வர்றா. நீ கூப்பிட்டா வர்றாளா? அப்ப யாரு சொல்றது ஒழுங்கு?”

மலைக்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. பலகையம்மாவுக்கும் உடனே தெரிந்துவிட்டது, வாய் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று. சமாதானத்துக்கு ஒரு முட்டையை உரித்து மருமகள் தட்டில் வைத்தார். மருமகள் அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

மழைக்கு முன்னால் கட்டைகளை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மில்லில் அவசரம் பிடித்த வாரம் அது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெரு குறுகலானது என்பதால் முனையிலேயே திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே மில் வாசல் வரை வருவார்கள். பின்னால் ஒரு ஆள் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று கை காட்டுவான். அன்றைக்குக் கை காட்டுகிறவன் பீடி பற்றவைக்க ஒதுங்கியிருந்தான். குழந்தை தெரு நடுவில் உட்கார்ந்து, சிந்திக் கிடந்த மரத்தூளைக் குவித்துக்கொண்டிருந்தது. லாரி அதன் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

மலைக்காரி வாசலில் இருந்தாள். நான் கடையில் இருந்தேன். அவள் கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டேன். ஒரு குத்து. மறுபடி ஒரு குத்து. குழந்தை தலையைக்கூடத் தூக்கவில்லை. அவள் இறங்கி ஓடுவதற்குள் மில் வாசலிலிருந்து ரம்பக்காரனின் குரல் நீண்டு வந்தது. குழந்தை சட்டென்று எழுந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓரமாக ஓடியது. டிரைவருக்கும் அந்தக் குரல் கேட்டு, பிரேக்கை மிதித்துவிட்டான். மரத்தூள் குவியலுக்குக் கொஞ்சம் முன்னால் லாரி நின்றது.

ஆளாளுக்குக் கத்தினார்கள். கை காட்டுகிறவனை அடிக்கவே போய்விட்டார்கள். ரம்பக்காரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தான். எதையாவது சொல்ல வேண்டும் என்று அவன் சொன்னது இதுதான்.

“நான் மட்டும் கூப்பிடலைன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்?”

குத்திக்காட்ட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. பயத்தில் வந்த வார்த்தை. அவளுக்கு அது அப்படிப் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். என் கடை வாசலில் நின்று, “எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்க்கா. பட்டன் வைக்க வேற யாரையாவது பாத்துக்கோங்க” என்றாள்.

“எப்ப வருவ?”

“எம் பொண்ணு என் குரலுக்குத் திரும்பினப்புறம் வருவேன். இங்க இருந்தா அது நடக்காது. நான் செத்தாலும் திரும்ப மாட்டா.”

போகாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளை தன் குரலை மதிக்கவில்லை என்று நினைப்பவளிடம் என்ன நியாயம் பேசுவது?

ரம்பக்காரன் இரண்டு நாள் வேலைக்குப் போய்வந்தான். மூன்றாம் நாள் ரம்பத்துக்கு விரலைக் கொடுக்க இருந்தான், கூட இருந்தவர்கள் இழுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவனை ரம்பத்தில் விடாமல் பட்டை உரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பலகையம்மா சாயங்காலம் என் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். “‘நீ கூப்பிட்டா வர்றாளா’ன்னு நான் கேட்டிருக்கக் கூடாது” என்று ஒருநாள் சொன்னார். தன்னிடமே சொல்லிக்கொள்வதாக அவருக்கு எண்ணம். தெரு முழுக்கக் கேட்டது.

மலைக்காரி போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்குத்தான் வந்தாள். குழந்தையை மேஜைமேல் உட்காரவைத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, அங்க எல்லாரும் என்ன மாதிரிதான் கூப்பிட்டாங்க. எங்க அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, எல்லாரும். ஒருத்தருக்கும் திரும்பல. எனக்கு மட்டும்தான் திரும்ப மாட்டான்னு நெனச்சேன். ஒருத்தருக்கும் திரும்பலக்கா.”

“புது எடம், அதனால…”

“இருங்க, சொல்றேன். ஒருநாள் மத்தியானம் இவ தரையில உக்காந்திருந்தா. அண்ணி பின்னாடி அடுப்பங்கரையில நின்னுட்டு இருந்தாங்க. சின்னத் தட்டு ஒண்ணு கை நழுவி விழுந்திருச்சு. எங்க ஊர்ல மத்தியானத்துல இலை விழுந்தாக்கூடக் கேக்கும். நான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினேன். இவ அசையல. அண்ணி என்னப் பாத்தாங்க. மறுபடியும் தட்ட எடுத்து வேணும்னே போட்டாங்க. அசையல.” அவள் குரல் உடைந்தது. “அக்கா, எம் பொண்ணுக்குக் காது கேக்கல. நான் அவ மேல கோவப்பட்டுட்டு இருந்திருக்கேன். அவளுக்குக் கேக்கவே இல்லக்கா.”

“அப்பா கூப்பிட்டா திரும்பறாளேடி?”

“அதான் எனக்கும் புரியல” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

குழந்தை என் இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. அது எப்போதும் வாயைத்தான் பார்க்கும். சாமர்த்தியக்காரப் பிள்ளை என்று நாங்கள் கொஞ்சியிருக்கிறோம்.

எதிர்வீட்டில் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. பலகையம்மா குழந்தைக்குப் பின்னால் போய் நின்று பெயரை இழுத்தார். குழந்தை திரும்பிச் சிரித்தது. “பாரு! யாரு சொன்னா கேக்கலைன்னு?” என்றார். மருமகள் ஒரு தட்டை எடுத்துக் கீழே போட்டாள். ரம்பக்காரன் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி போட்டாள். அவன் மெல்லச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

“என்ன ஆச்சு, ஏன் உக்காந்துட்ட?” என்று பலகையம்மா கேட்டார். தட்டு விழுந்தது அவருக்கும் கேட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். காது பார்க்கிற அறையில் சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்ததுபோல இருந்தது. அவ்வளவு அமைதியான இடத்தில் நான் இருந்ததே இல்லை. ரம்பக்காரன் “வணக்கம்மா” என்று சொன்னது அந்த அறையில் சண்டைக்குப் போவதுபோல் ஒலித்தது, அவனே பயந்துபோனான். அங்கே இருந்த டாக்டர் அம்மா இளவயது. முதலில் குழந்தைக்கு ஏதேதோ சத்தங்களைப் போட்டுக் காட்டினார். பிறகு அம்மாவைப் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னார்.

மலைக்காரி கூப்பிட்டாள். குழந்தை கையில் இருந்த பொம்மையைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“வீட்டுல வேற மாதிரி யாராவது கூப்பிடுவாங்களா?”

ரம்பக்காரன் வாயைத் திறந்தான். மலைக்காரி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். “நான் கூப்பிடறேன்” என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. முதல் தடவை பாதியிலேயே நின்றுபோயிற்று. மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு, முதல் எழுத்தை விட்டுவிட்டு, கடைசி எழுத்தை மேலே தூக்கி இழுத்தாள். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் கதவைத் திறந்து என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

குழந்தை திரும்பியது. கூப்பிட்டது அம்மா என்று பார்த்ததும் அதன் கண் விரிந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

டாக்டர் அம்மா சொன்னது எங்களுக்கும் புரிகிற மாதிரிதான் இருந்தது. “பொறப்புலேர்ந்தே இருக்கு. நீளமா, பலமா வர்ற சத்தம் ஓரளவு கேக்குது. சின்னதா, சட்டுனு முடியறது கேக்கல. காதுல மிஷின் வச்சா நல்லாவே கேக்கும், பேச்சும் வந்துரும். ஆனா இவ்வளவு நாள் எப்படிக் கவனிக்காம இருந்தீங்க? உங்க பக்கம் எல்லாருமே இப்படித்தான் பேசுவீங்களா?”

“ஆமாம்மா, மில் தெரு” என்றேன்.

“அதான். வேற எங்கயாவது இருந்திருந்தா ஒரு வயசுலயே கண்டுபிடிச்சிருப்பாங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரம்பக்காரன்கூடப் பேசவில்லை. கூப்பிட்ட குரலுக்குக் குழந்தை ஓடிவருகிறது என்று ஒரு தெருவே பூரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போட்ட சத்தத்திலேயே அந்தப் பிள்ளையின் குறை மறைந்து கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

வீட்டில் பலகையம்மா வாசலிலேயே காத்திருந்தார். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு, “நான் கத்திக் கத்தித்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிருச்சா?” என்றார்.

“இல்ல அத்தை.” மலைக்காரி அவருக்கு எதிரே வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாக உரக்கச் சொன்னாள். “நீங்க கத்தினதாலதான் அவளுக்கு இந்த வீட்டுல யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சுது. இல்லாட்டி ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

பலகையம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முரட்டுக் கைக்குள் அவள் கை சின்னப் பிள்ளை கை மாதிரி இருந்தது.

மிஷின் வர நாளாயிற்று. வந்து காதில் மாட்டியதும் குழந்தை முதல் நாளெல்லாம் அழுதது. மில் ஓடுகிற நேரத்தில் அதைப் பிடுங்கி எறிந்தது. அதைச் சொல்லி என்ன, எனக்கே சில நாள் காதைப் பிடுங்கி எறியலாம்போலத்தான் இருக்கும். அதனால் மில் ஓடும் நேரத்தில் கழற்றிவைத்துவிட்டு, நின்றபிறகு மாட்டிப் பழக்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது சத்தங்களைத் தேட ஆரம்பித்தது. என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொள்ளும். தண்ணீர் சொட்டுகிற குழாயடியில் மணிக்கணக்கில் நிற்கும்.

மில் லீவு நாள் ஒன்றில், காலை வெயில் ஏறாத நேரம், தெருவில் ஈ பறந்தால் கேட்கும் அமைதி. குழந்தை மரத்துண்டுகளை என் கடைப் படியில் அடுக்கிக்கொண்டிருந்தது. மலைக்காரி எதிர்வாசலில் வந்து நின்றாள். அவள் எதற்கு வந்து நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

அவள் கூப்பிட்டாள். தன் ஊர் மாதிரி, தன் அக்காளைக் கூப்பிடுவதுபோல. ஓங்கி ஒரே தட்டு, அவ்வளவுதான்.

குழந்தைக்குக் கேட்டது. உடனே நிமிர்ந்தது. அம்மாவைப் பார்த்தது. அம்மா தன் பக்கமாகப் பார்த்து யாரையோ கூப்பிடுகிறாள் என்று தெரிந்து, யார் அது என்று திரும்பி என் கடைக்குள் பார்த்தது. அங்கே யாரும் இல்லாததால் தெருக் கோடிவரை பார்த்துவிட்டு, ‘யாரும் வரலையே’ என்பதுபோல் அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தது.

மலைக்காரியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களாக்கா” என்றாள் என்னிடம். “அப்படிக் கூப்பிட்டா அது எங்க அக்காதான். இவ இல்ல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, எங்கள் தெருவில் பிறந்தவர்கள் யாரும் இழுக்காத நீளத்துக்கு மகளின் பெயரை இழுத்தாள். குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, சிரித்தபடியே தெருவைத் தாண்டி அவளிடம் ஓடியது.